பகிர்வு ஃபோல்டரில் வாடிக்கையாளர் ஃபோல்டர்கள் காணாமல் போகின்றன: தவறுதலாக அழிவதைத் தடுக்க வழி உண்டா?

பேரேடு

வணக்கம். தணிக்கையாளர் அலுவலகம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். சிறிய அலுவலகம்தான். ஒரு விண்டோஸ் 10 ப்ரோ கணினியை "சர்வர்" என்று மரியாதையாக அழைத்து வருகிறோம். அதில் ஒரு பகிர்வு ஃபோல்டர். அதற்குள் வாடிக்கையாளர் பெயரில் ஒவ்வொரு ஃபோல்டர். அதற்குள் நிதியாண்டு வாரியாக உள் ஃபோல்டர்கள். ஊழியர்களும் ஆர்ட்டிகிள் மாணவர்களும் (தணிக்கைப் பயிற்சி பெறுபவர்கள்) தங்கள் இடத்திலிருந்தே அதைத் திறந்து வேலை செய்கிறார்கள்.

சென்ற வாரம் ஒரு ஜவுளி நிறுவனத்தின் ஃபோல்டர் முழுவதுமாகக் காணாமல் போனது. யாரைக் கேட்டாலும் "நான் தொடவே இல்லை". ரீசைக்கிள் பின்னில் இல்லை. கணினியின் தேடல் பெட்டியில் போட்டுப் பார்த்தால், அகரவரிசையில் அதற்கு அடுத்திருக்கும் வாடிக்கையாளரின் ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்திருந்தது. அது கிடைத்துவிட்டது. ஆனால் வேறொரு வாடிக்கையாளரின் 2019-20 ஃபோல்டர் எப்போது போனது என்றே தெரியவில்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை. தினமும் இரவு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுக்கிறோம். அந்த நகலிலும் அது இல்லை.

ஃபோல்டரின் ப்ராப்பர்டீஸில் "ரீட் ஒன்லி" டிக் செய்து பார்த்தேன். எந்தத் தடையும் இல்லாமல் அழிகிறது. ஊழியர்கள் வேலை செய்யவும் வேண்டும், ஃபோல்டர் அழியவும் கூடாது. இரண்டும் சேர்ந்து நடக்குமா?

கூடல்நகர்க்காரன்

நடக்கும் சார். ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் மென்பொருள் பல இருக்கின்றன. என் சர்வீஸ் கடைக்கு வருபவர்களுக்கு நான் போட்டுக் கொடுப்பது உண்டு. பூட்டிவிட்டால் கண்ணுக்கே தெரியாது. பிறகு யார் அழிப்பது?

ஒற்றைச்சொல்

கண்ணுக்கே தெரியாவிட்டால் ஊழியர்கள் எதில் வேலை செய்வார்கள்?

நள்ளிரவு நிர்வாகி

பேரேடு சார், உங்கள் பதிவில் இரண்டு வேறு நோய்கள் இருக்கின்றன. ஒன்று ஃபோல்டர் இடம் மாறியது. மற்றொன்று உண்மையிலேயே அழிந்தது. மருந்தும் வேறு வேறு.

முதலில் ரீட் ஒன்லி. விண்டோஸில் ஃபோல்டர் மீது போடும் அந்த டிக் பாதுகாப்பே அல்ல. தனி ஐகான் போன்ற அலங்காரம் உள்ள ஃபோல்டர் இது என்று எக்ஸ்ப்ளோரர் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் அடையாளமாகத்தான் அது பயன்படுகிறது. அதை நம்பி யாரும் தூங்கப் போகக் கூடாது.

இடம் மாறியது இழுத்துவிட்ட வேலை. மவுஸ் பொத்தானை அழுத்தியபடி கை நான்கு பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை "இழுக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளும். ஃபோல்டர் பட்டியலில் பக்கத்து வரிசைக்கு நழுவ ஒரு நொடி போதும். ஒரே டிரைவுக்குள் என்பதால் எச்சரிக்கையும் கேட்காது, நேரமும் எடுக்காது. ஆயிரம் ஃபைல் இருந்தாலும் கண் இமைக்கும் நேரத்தில் இடம் மாறிவிடும். செய்தவருக்கே தெரியாது என்பதால் "நான் தொடவே இல்லை" என்று அவர் சொல்வதை நான் நம்புவேன். உடனே கவனித்தால் கண்ட்ரோல், இசட் இரண்டையும் அழுத்தினால் திரும்பி வரும். பிரச்சினை, யாரும் உடனே கவனிப்பதில்லை.

அந்த நான்கு பிக்சலைக் கூட்டலாம். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் இடம்) தற்போதைய பயனருக்கான பகுதியில் கண்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்ற இடத்தில் "டிராக் ஹைட்", "டிராக் விட்த்" என்று இரண்டு மதிப்புகள் இருக்கும். 4 என்பதை 50 ஆக்கி, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் போதும். ஒவ்வொரு ஊழியரின் கணினியிலும், ஒவ்வொரு பயனர் கணக்கிலும் செய்ய வேண்டும். சர்வரில் செய்து பயனில்லை. பணம் செலவில்லாத மருந்து, பாதி நோய் இதிலேயே போய்விடும்.

அடுத்து உங்கள் பேக்கப். அதை எடுக்கும் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதி வைத்த ஃபைல்) என்ன கட்டளையைப் பயன்படுத்துகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

பேரேடு

பார்த்தேன். ரோபோகாப்பி என்ற விண்டோஸ் நகலெடுக்கும் கட்டளை. பின்னால் "மிர்" என்று ஒரு சொல் இருக்கிறது. கணினி பராமரிப்புக்கு வந்தவர் எழுதி வைத்தது.

நள்ளிரவு நிர்வாகி

சந்தேகம் சரிதான். "மிர்" என்றால் கண்ணாடி. மூலத்தில் எது இல்லையோ அதை நகலிலும் அழித்துவிடும். பகலில் ஒருவர் தவறுதலாக அழித்தால், இரவில் ஸ்கிரிப்ட் வந்து அதே தவறை வெளி டிஸ்க்கிலும் ஒழுங்காகச் செய்து முடித்துவிட்டுப் போகும். 2019-20 ஃபோல்டர் இரண்டு இடத்திலும் இல்லாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். டிஸ்க் பழுதானால் அந்த நகல் காப்பாற்றும். கை தவறினால் காப்பாற்றாது.

இன்றே செய்ய வேண்டியது ஒன்று: அந்த "மிர்" ஐ நீக்கிவிட்டு "ஈ" என்று மட்டும் வையுங்கள். உள் ஃபோல்டர்களையும் சேர்த்து நகல் எடுக்கும், எதையும் அழிக்காது. குப்பை சேரும். சேரட்டும்.

டக்ஸ் தாசன்

பேக்கப் ஸ்கிரிப்டே அழிக்கும் என்றால் சிலர் நம்புவதில்லை. கியோட்டோ பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். 2021 டிசம்பரில் அவர்களுடைய சூப்பர் கம்ப்யூட்டரின் சேமிப்பகத்திலிருந்து சுமார் 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிந்தன. அழித்தது வைரஸ் அல்ல, திருடனும் அல்ல, பேக்கப் நிரல். பத்து நாளைக்கு மேற்பட்ட பழைய பதிவுக் கோப்புகளை நீக்க வேண்டிய ஸ்கிரிப்ட் அது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மீது புதிய பதிப்பை எழுதிவிட்டார்கள். ஸ்கிரிப்டை ஓட்டும் பேஷ் என்ற நிரல் அதை முழுவதும் படித்து வைத்துக்கொண்டு ஓட்டுவதில்லை, போகப்போகப் படிக்கும். பாதி பழையது, பாதி புதியது என்று ஓடியதில் இடத்தின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாகிப் போனது. பதிவுக் கோப்புகளுக்குப் பதிலாக ஆராய்ச்சிக் கோப்புகளை அது துடைத்துவிட்டது. பாதிக்கப்பட்ட 14 ஆராய்ச்சிக் குழுக்களில் 4 குழுக்களின் தரவு மீளவே இல்லை.

அழிக்கும் அதிகாரம் உள்ள எந்த ஸ்கிரிப்டையும் நான் ஒரு ஊழியராகவே எண்ணுகிறேன். தூக்கமில்லாத, கேள்வி கேட்காத ஊழியர்.

கூடல்நகர்க்காரன்

பேக்கப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் கேள்வி அழியாமல் தடுப்பது எப்படி என்பதுதானே? சார், மென்பொருளே வேண்டாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஃபோல்டர் மீது வலது கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. அங்கே "எவ்ரிஒன்" என்பதற்கு "டெலிட்", "டெலிட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்" இரண்டையும் "டினை" (மறுப்பு) செய்துவிடுங்கள். முடிந்தது. யாராலும் அழிக்க முடியாது.

பேரேடு

கூடல்நகர்க்காரருக்கு நன்றி. ஒரு பரிசோதனை ஃபோல்டரில் செய்து பார்த்தேன். அழிக்க முடியவில்லை, இழுத்துப் போடவும் முடியவில்லை. மகிழ்ச்சியில் ஓர் எக்ஸெல் ஃபைலைத் திறந்து, ஓர் எண்ணை மாற்றிச் சேமிக்கப் போனால் "சேமிக்க முடியவில்லை" என்கிறது. ஃபோல்டரில் பார்த்தால் எட்டு எழுத்தில் அர்த்தமில்லாத பெயர்களோடு புதிய ஃபைல்கள் முளைத்திருக்கின்றன. அவற்றையும் அழிக்க முடியவில்லை! புதிய ஃபோல்டர் உருவாக்கினால் "நியூ ஃபோல்டர்" என்ற பெயரோடு அப்படியே நிற்கிறது, பெயர் மாற்ற விடமாட்டேன் என்கிறது. நிர்வாகி கணக்கில் நுழைந்த எனக்கும் அதே கதி.

ஒற்றைச்சொல்

யாராலும் அழிக்க முடியாது என்று அவர் சொன்னது உண்மைதானே.

நள்ளிரவு நிர்வாகி

சிரிப்பு வந்தாலும் இந்த மூன்று விளைவுக்கும் காரணம் ஒன்றே. இதைப் புரிந்துகொண்டால் மீதி எளிது.

எக்ஸெல் பழைய ஃபைலைத் திறந்து அதன் மேலேயே எழுதுவதில்லை. புதிதாக ஒரு தற்காலிக ஃபைலை எழுதி முடிக்கிறது. பிறகு பழையதை அழித்து, தற்காலிக ஃபைலுக்கு அந்தப் பெயரைச் சூட்டுகிறது. பாதியில் மின்சாரம் போனாலும் ஏதோ ஒன்று முழுதாக மிஞ்சும் என்பதற்கான ஏற்பாடு. வேர்டும் ஏறக்குறைய இதே வழியில்தான் நடக்கிறது. ஆகவே அழிக்கும் உரிமையைப் பறித்தால் சேமிக்கும் உரிமையும் போய்விடும். உங்கள் ஃபோல்டரில் முளைத்தவை பெயர் சூட்டப்படாமல் நின்றுபோன அந்தத் தற்காலிக ஃபைல்கள்.

பெயர் மாற்றுவதும் அப்படியே. விண்டோஸில் ஒரு ஃபைலையோ ஃபோல்டரையோ பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் அதன் மீது "டெலிட்" உரிமை வேண்டும். புதிய ஃபோல்டர் முதலில் "நியூ ஃபோல்டர்" என்று பிறந்து பிறகுதான் பெயர் பெறுகிறது. தடை பிறக்கும்போதே அதன் மீதும் இறங்கிவிடுவதால் காலமெல்லாம் அந்தப் பெயரே.

நிர்வாகிக்கும் சேர்த்து அடைத்ததற்குக் காரணம் "எவ்ரிஒன்". அதில் நீங்களும் அடக்கம். "டினை" என்பதை ஒருபோதும் எவ்ரிஒன் மீது போடாதீர்கள். "ஊழியர்கள்" என்று ஒரு குழு உருவாக்கி, அதன் மீது மட்டும் போடுங்கள். இப்போது எல்லோரும் ஒரே பயனர் பெயரில் நுழைகிறார்கள் என்றால் அதையும் மாற்ற வேண்டும்.

சரி, சரியான வழி எது? எல்லா ஃபோல்டரையும் ஒரே பூட்டில் அடைக்க நினைப்பதுதான் கோளாறு. உங்கள் வேலையில் முடிந்த ஆண்டுகள் இருக்கின்றன, ஓடும் ஆண்டு இருக்கிறது. முடிந்த ஆண்டுகளில் யாருக்கும் எழுத வேண்டிய வேலையே இல்லை. அவற்றைத் தனி ஃபோல்டருக்கு மாற்றி, ஊழியர்களுக்கு "ரீட் அண்ட் எக்ஸிக்யூட்" மட்டும் கொடுங்கள். டினை எதுவும் தேவையில்லை; அந்த உரிமையில் எழுதுவதும் அடங்காது, அழிப்பதும் அடங்காது. உங்கள் 2019-20 அங்கே இருந்திருந்தால் இந்த இழையே தொடங்கியிருக்காது. அளவில் பார்த்தால் உங்கள் தரவின் பெரும்பகுதி இந்தப் பக்கம்தான் வந்து சேரும்.

ஓடும் ஆண்டுக்கு வருகிறேன். ஒரு நுணுக்கம் உண்டு, நிதானமாகப் படியுங்கள். விண்டோஸ் ஒன்றை அழிக்க இரண்டு வாசல்களை வைத்திருக்கிறது. அந்தப் பொருளின் மீதே "டெலிட்" உரிமை இருந்தால் அழிக்கலாம். அது இல்லாவிட்டாலும், அதைத் தாங்கும் மேல் ஃபோல்டரில் "டெலிட் சப்ஃபோல்டர்ஸ் அண்ட் ஃபைல்ஸ்" இருந்தால் அப்போதும் அழிக்கலாம். "ஃபுல் கண்ட்ரோல்" கொடுத்தால் இந்த இரண்டாவது வாசலும் திறந்துவிடும். "மாடிஃபை" கொடுத்தால் திறக்காது. அதனால் முதல் வேலை, ஊழியர்களிடமிருந்து ஃபுல் கண்ட்ரோலை எடுத்துவிட்டு மாடிஃபை கொடுப்பது. பகிர்வு அனுமதியிலும் ஃபுல் கண்ட்ரோல் வேண்டாம், "சேஞ்ச்" போதும்.

அடுத்து, வாடிக்கையாளர் ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கும் மேல் ஃபோல்டரின் அட்வான்ஸ்டு திரைக்குப் போய், ஊழியர்கள் குழுவுக்கு "டெலிட்" மட்டும் டினை. அது எங்கே பொருந்தும் என்று கேட்கும் இடத்தில் "சப்ஃபோல்டர்ஸ் ஒன்லி". அதற்குக் கீழே, இந்த அனுமதி இந்த ஃபோல்டருக்கு உட்பட்டவற்றுக்கு மட்டும் என்று ஆங்கிலத்தில் நீளமாக ஒரு டிக் பெட்டி இருக்கும். பெரும்பாலானோர் அதைக் கண்டுகொள்வதே இல்லை. அதை டிக் செய்யுங்கள். தடை முதல் அடுக்கோடு நின்றுவிடும், உள்ளே இறங்காது. விளைவு: வாடிக்கையாளர் ஃபோல்டரை அழிக்கவோ இழுக்கவோ பெயர் மாற்றவோ முடியாது, அதற்குள் ஊழியர்கள் வழக்கம்போல் புதிய ஃபோல்டர் போடலாம், எக்ஸெல் சேமிக்கலாம். கூடவே மேல் ஃபோல்டரில் "கிரியேட் ஃபோல்டர்ஸ்" உரிமையையும் எடுத்துவிடுங்கள். புதிய வாடிக்கையாளர் ஃபோல்டரை நீங்கள் மட்டும் உருவாக்குங்கள்.

வெண்பூசணி

நிர்வாகி அண்ணா, இரண்டாவது வாசல் என்று நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எங்கள் பள்ளிக் கணினியில் தடை போட்டும் ஏன் அழிகிறது என்று விளங்கியது. ஃபைலுக்கு மட்டும் டினை போட்டுவிட்டு மேல் ஃபோல்டரை அப்படியே விட்டிருக்கிறார்கள்.

நள்ளிரவு நிர்வாகி

அதேதான் அக்கா. மேலே உள்ள உரிமையையும் பார்க்க வேண்டும்.

டக்ஸ் தாசன்

லினக்ஸில் இந்த இரட்டை வாசல் குழப்பம் இல்லை. அங்கே ஒரு கோப்பை அழிப்பது அந்தக் கோப்பின் விவகாரமே அல்ல, அடைவின் விவகாரம். அடைவு என்பது பெயர்களின் பட்டியல். பட்டியலில் எழுத உரிமை உள்ளவர் எந்தப் பெயரையும் அடித்துவிடலாம், அந்தக் கோப்பைப் படிக்கக்கூட அவருக்கு உரிமை இல்லாவிட்டாலும். கோப்பைப் படிக்க மட்டும் என்று மாற்றிவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக நினைப்பவர்கள் ஏராளம்.

உண்மையான பூட்டு வேண்டுமென்றால் "சேட்டர்" கட்டளையில் கூட்டல் குறியும் ஐ எழுத்தும். மாறாத் தன்மை. முழு அதிகாரம் உள்ள ரூட் கணக்காலும்கூட அந்தக் கொடியை இறக்காமல் அழிக்க முடியாது. அடைவின் மீது போட்டால் உள்ளே புதிதாக எதையும் சேர்க்கவோ நீக்கவோ முடியாது. ஆனால் ஏற்கெனவே உள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தை மாற்றலாம். அதையும் தடுக்க வேண்டுமென்றால் கோப்புகளின் மீதும் தனியாகப் போட வேண்டும். முடிந்த ஆண்டுகளுக்கு இதைவிட நிம்மதி வேறில்லை.

ஆப்பிள்வாசி

மேக்கில் "கெட் இன்ஃபோ" திறந்து "லாக்டு" என்பதை டிக் செய்தால் போதும். அழிக்கப் போனால் பூட்டியிருக்கிறது, இருந்தும் அழிக்கவா என்று கேட்கும். உரிமையாளர் பிடிவாதம் பிடித்தால் அழிக்கலாம்தான், ஆனால் கை தவறினால் காப்பாற்றிவிடும். வடிவமைப்பு வேலையில் அச்சுக்குப் போய்விட்ட புத்தக ஃபோல்டர்களை இப்படித்தான் பூட்டுகிறேன். ஓடும் வேலைக்கு டைம் மெஷின்: கடந்த 24 மணி நேரத்துக்கு மணிக்கொன்று, கடந்த மாதத்துக்கு நாளுக்கொன்று, அதற்கு முன்பு வாரத்துக்கொன்று.

கூடல்நகர்க்காரன்

நிர்வாகி சொன்ன முறையை என் கடைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். இழுத்துவிட்டால் தடுக்கிறது, சரி. ஆனால் வேறொரு கணினியிலிருந்து பகிர்வில் நுழைந்து வாடிக்கையாளர் ஃபோல்டரின் மீது டெலிட் அழுத்தினால்? ஃபோல்டர் அப்படியே நிற்கிறது. உள்ளே இருந்த ஃபைல்கள் எல்லாம் போய்விட்டன. இது என்ன பாதுகாப்பு?

நள்ளிரவு நிர்வாகி

நல்ல பரிசோதனை. நான் அடுத்து சொல்ல வந்ததை நீங்களே காட்டிவிட்டீர்கள்.

இழுப்பது ஒரே செயல்: ஃபோல்டருக்கு வேறு முகவரி. அது மறுக்கப்பட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். நிரந்தரமாக அழிப்பது ஒரே செயல் அல்ல. உள்ளே இருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்து கடைசியில்தான் ஃபோல்டரைத் தொடும். அப்போது மறுப்பு கிடைக்கும். அதற்குள் வீடு காலி. பகிர்வு வழியாக அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போவதும் இல்லை, பென் டிரைவில் அழிப்பது போலவே நேராகப் போய்விடும். அழிக்கப்போகிறேன், நிச்சயமா என்று கேட்கும். பழக்கத்தில் "யெஸ்" அழுத்திவிடுவார்கள்.

ஆகவே ஓடும் ஆண்டில் அனுமதிகளால் முழுப் பாதுகாப்பு கிடைக்கவே கிடைக்காது. சேமிக்கும் உரிமைக்கு அழிக்கும் உரிமை தேவைப்படும் வரை இந்த ஓட்டை இருக்கும். இதை ஒப்புக்கொள்ளாமல் பூட்டு மேல் பூட்டு போடுகிறவர்கள் கடைசியில் வேலையைத்தான் நிறுத்துகிறார்கள். இங்கே தேவை தடுப்பது அல்ல, திரும்பிப் போக ஒரு வழி.

விண்டோஸ் சர்வர் இருந்தால் ஷேடோ காப்பி. இயக்கினால் வார நாட்களில் காலை 7 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் தானாக ஒரு நிழல்படி எடுக்கும், நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். ஒரு வால்யூமுக்கு 64 படி வரை வைத்திருக்கும், அதன் பிறகு பழையது கழியும். ஊழியரே ஃபோல்டர் மீது வலது கிளிக் செய்து "ப்ரீவியஸ் வெர்ஷன்ஸ்" வழியாக நேற்றைய நிலையை எடுத்துக்கொள்ளலாம், உங்களைத் தேடி வரவே வேண்டாம். அது அதே டிஸ்க்கில் இருப்பதால் பேக்கப் என்று எண்ணிவிடக் கூடாது.

உங்களிடம் இருப்பது சர்வர் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்றே ஆதரவை நிறுத்திக்கொண்ட விண்டோஸ் 10. என் யோசனை, அதற்குச் செலவு செய்யும் பணத்தை இரண்டு டிஸ்க் உள்ள ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணையும் தனிச் சேமிப்புப் பெட்டி) போடுங்கள். சினாலஜி, கியூநாப் போன்றவற்றில் பகிர்வுக்கே ரீசைக்கிள் பின் உண்டு. ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் படி) வசதி உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். மணிக்கொரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லலாம், மாறிய பகுதிக்கு மட்டுமே இடம் பிடிக்கும், ஊழியர் கணக்கிலிருந்து அதை அழிக்க முடியாது. அதுவரை விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை இயக்கி வையுங்கள். மணிக்கொரு முறை வெளி டிஸ்க்குக்கு மாற்றங்களை எடுத்துக்கொள்ளும். அது எல்லா ஃபோல்டரையும் தானாகக் கவனிக்காது என்பதால் உங்கள் ஃபோல்டரை அதன் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

வெண்பூசணி

கூகுள் டிரைவ், ஒன் டிரைவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லையே? மேகத்தில் நகல் இருக்குமே?

நள்ளிரவு நிர்வாகி

அது நகல் அல்ல அக்கா, அதே ஃபோல்டர். ஒரு கணினியில் அழித்தால் இணைந்திருக்கும் எல்லாக் கணினியிலும் அழியும். "மிர்" ஸ்கிரிப்ட் இரவுவரை காத்திருந்தது. இது காத்திருக்கவே இருக்காது. குப்பைத் தொட்டி ஒன்று உண்டு, அதுதான் ஆறுதல். கூகுள் டிரைவில் 30 நாள், தனிநபர் ஒன் டிரைவில் 30 நாள், அலுவலகக் கணக்கில் 93 நாள்.

பேரேடு

எங்களுக்கு 93 நாளும் போதாது. சென்ற ஆண்டு ஃபோல்டர் இருக்கிறதா என்று யாரும் தினமும் திறந்து பார்ப்பதில்லை. நோட்டீஸ் வரும்போதுதான் தேடுவோம். தணிக்கைப் பணித்தாள்களைக் குறைந்தது 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று தரக்கட்டுப்பாட்டு விதி சொல்கிறது. நிறுவனங்கள் தங்கள் கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டம். கணினியில் வைத்திருப்பவர்கள் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்றும் 2022 முதல் விதி இருக்கிறது. வாடிக்கையாளர்களுக்கு இதையெல்லாம் எழுதிக் கொடுப்பது நாங்கள்தான்.

ஒற்றைச்சொல்

எழுதிக் கொடுத்த கடிதத்தின் நகல் இருக்கிறதா?

பேரேடு

2019-20இல் இருந்தது.

கூடல்நகர்க்காரன்

அழிந்த ஃபோல்டரை மீட்பு மென்பொருள் போட்டு எடுத்துப் பார்க்கலாம் சார். போட்டோரெக், ரெகுவா எல்லாம் இருக்கின்றன. டிஸ்க் எந்த வகை? பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டி என்றால் பெரும்பாலும் கை விரிக்க வேண்டியதுதான். அழித்த இடத்தை "டிரிம்" கட்டளை டிஸ்க்குக்குத் தெரிவித்துவிடும், அது துடைத்து வைத்துக்கொள்ளும். இது என் தொழில், அதனால் நிச்சயமாகச் சொல்கிறேன்.

பேரேடு

சர்வரில் எஸ்எஸ்டி. வெளி டிஸ்க் பழைய வகை.

கூடல்நகர்க்காரன்

அப்படியானால் வெளி டிஸ்க்கை இப்போதே கழற்றுங்கள். இன்றிரவு நகல் அதில் ஓடக் கூடாது. ஒவ்வொரு இரவும் புதிதாக எழுதப்படும் ஃபைல் அந்தப் பழைய ஃபைல் இருந்த இடத்தில் விழலாம். மீட்டெடுப்பதை வேறொரு டிஸ்க்கில்தான் சேமிக்க வேண்டும், அதே டிஸ்க்கில் அல்ல. இரவு நகலுக்குப் புதிய டிஸ்க் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவு நிர்வாகி

இதை வழிமொழிகிறேன். நான் "மிர்" ஐ நீக்கச் சொன்னேனே தவிர டிஸ்க்கைக் கழற்றச் சொல்லவில்லை. கூடல்நகர்க்காரர் சொன்னதே முதலில் நடக்க வேண்டியது.

டக்ஸ் தாசன்

ஒன்றைச் சேர்க்கிறேன். பேக்கப் எடுப்பவர்கள் அதிலிருந்து மீட்டுப் பார்ப்பதில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தள அடைவை அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 கிகாபைட்டில் 4.5 மட்டும் மிஞ்சியது. வைத்திருந்த ஐந்து வகைப் பேக்கப் ஏற்பாடுகளில் ஒன்றுகூட அப்போது ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. அவர்களே இதையெல்லாம் வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஃபோல்டரை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள்.

பேரேடு

நிலவரம் சொல்கிறேன். வெளி டிஸ்க்கிலிருந்து 2019-20இன் பிடிஎஃப் ஃபைல்கள் பெரும்பாலும் கிடைத்துவிட்டன. பெயர்கள் போய்விட்டன, எண்களாக வந்திருக்கின்றன. ஆர்ட்டிகிள் மாணவர் ஒருவர் திறந்து பார்த்துப் பெயர் சூட்டிக்கொண்டிருக்கிறார். எக்ஸெல் ஃபைல்களில் சில திறக்கவில்லை.

முடிந்த ஆண்டுகளைத் தனியாகப் பிரித்து, படிக்க மட்டும் என்று ஆக்கியாகிவிட்டது. முதல் நாளே ஒருவர் வந்து 2021-22 ஃபோல்டரில் சேமிக்க முடியவில்லை என்று புகார் சொன்னார். எதற்கு அதில் சேமிக்கிறீர்கள் என்று கேட்டேன். இந்த ஆண்டு ஃபைலைத் தொடங்க அதைத் திறந்து, எண்களை மாற்றி, "சேவ் ஆஸ்" கொடுப்பது வழக்கமாம். "சேவ் ஆஸ்" கொடுக்க மறந்த நாட்களில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னொரு தலைவலி.

ஊழியர் குழு, மாடிஃபை, முதல் அடுக்குத் தடை எல்லாம் போட்டுவிட்டேன். அந்த நீளமான டிக் பெட்டியைக் கண்டுபிடிக்க நேரம் ஆனது. எக்ஸெல் சேமிக்கிறது, இழுத்தால் நகரவில்லை. நாஸ் பெட்டிக்குப் பங்குதாரரிடம் கேட்டிருக்கிறேன்.

ஒரு சந்தேகம். டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவு ஃபோல்டர்களும் அதே இடத்தில் இருக்கின்றன. வெறும் எண்களே பெயர். புதிதாக வந்தவர்கள் இது என்ன குப்பை என்று நினைக்க வாய்ப்பு அதிகம். அவற்றைப் படிக்க மட்டும் ஆக்கலாமா?

நள்ளிரவு நிர்வாகி

ஓடும் ஆண்டுக்கு வேண்டாம், பதிவு போட முடியாமல் போய்விடும். அவற்றை வாடிக்கையாளர் ஃபோல்டர்களோடு வைக்காமல் வேறொரு பகிர்வுக்கு மாற்றுங்கள். டேலிக்கு அந்தப் பாதையைக் காட்டிவிட்டால் போதும். ஊழியர்கள் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பக்கம் போக வேண்டிய தேவையே இல்லை. எந்த எண் எந்த வாடிக்கையாளர் என்று ஒரு பட்டியல் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேரேடு

நல்லது. கடைசியாக ஒன்று: ஓர் ஆண்டை "முடிந்தது" என்று எப்போது அந்தப் பக்கம் தள்ளுவது? மார்ச் 31?

வெண்பூசணி

பேரேடு சார், நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியா இது! மார்ச் 31இல்தானே உங்களுக்கு வேலையே தொடங்கும்?

நள்ளிரவு நிர்வாகி

அக்கா சொன்னதே பதில். வருமான வரித் தணிக்கை அறிக்கைக்கு வழக்கமான கடைசி நாள் செப்டம்பர் 30; அதையும் அவ்வப்போது நீட்டிக்கிறார்கள். தேதி பார்த்துத் தள்ளாதீர்கள். அறிக்கையில் கையெழுத்தாகி, ரிட்டர்ன் தாக்கலான வாடிக்கையாளரை மட்டும் ஒவ்வொருவராக மாற்றுங்கள். தாக்கல் ஒப்புகைச் சீட்டை ஃபோல்டரில் போடும் ஊழியர் உங்களுக்கு ஒரு வரி எழுதினால் போதும். மாற்றும் வேலையை நீங்களே உங்கள் கணக்கிலிருந்து செய்யுங்கள். இழுத்துப் போடாதீர்கள்: ஒரே டிரைவுக்குள் இழுத்தால் பழைய அனுமதிகள் கூடவே வரும். நகல் எடுத்து ஒட்டுங்கள், சரிபாருங்கள், பிறகு பழையதை நீக்குங்கள்.